முன்கூட்டிச் சொன்ன சாட்சி

கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாள். பம்மலில் அந்தக் கிளவுஸ் கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே எட்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஐந்து, காற்றுத் தராமல் சத்தம் மட்டும் தருபவை. தபீதாளின் மேசை அப்படிப்பட்ட ஒன்றுக்கு நேர் கீழே இருந்தது. பதினோரு வருஷமாக அதே இடம்தான். இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மே மாதமும் நினைப்பாள். ஜூனில் மறந்துபோவாள்.

அவளுடைய வேலை ஜோடி போடுவது. தைத்து, திருப்பி, சூடான இரும்புக் கையின் மேல் மாட்டி நீவி எடுத்த தோல் கையுறைகள் அவள் மேசைக்கு வரும். இடக்கை ஒரு குவியல், வலக்கை ஒரு குவியல். நிறம் ஒத்துப்போகிற இரண்டை எடுத்துச் சேர்த்து, சுண்டு விரலருகே ஒரு நூல் போட்டுக் கட்ட வேண்டும். எல்லாம் கறுப்புதானே, எதை எடுத்தால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கறுப்பில் எத்தனை கறுப்பு உண்டென்று தபீதாளுக்குத்தான் தெரியும். ஒரு ஜோடி தவறினால் பெட்டியோடு கப்பலில் திரும்பி வந்துவிடும். அவள் போட்ட ஜோடி இதுவரை திரும்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எதிரில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள் ஞானம்மாள். தபீதாளைவிட ஆறு வயசு மூத்தவள். இரண்டு பேருக்கும் ஒரே சபை. வேலையில் வாய்க்கும் கைக்கும் தனித்தனியாகச் சம்பளம் கொடுத்தால் ஞானம்மாளுக்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தபீதா, இந்த ஞாயித்துக்கெழம நான் சாட்சி சொல்லப்போறேன்."

"இன்னா சாட்சிக்கா?"

"எம் புள்ள ஜெரோமுக்குத்தான். உம் பொண்ணு படிக்குதே, அதே காலேஜு. அதே கம்ப்யூட்டரு. இன்னும் சீட்டு கைக்கு வர்ல. வராட்டி இன்னா? போன வருஷம் நீ சொல்லல? கெடைக்கறதுக்கு மின்னாடியே கெடச்சிடுச்சின்னு சொல்லி, அப்பால கெடச்சிது பாரு. அத்தப் பாத்துட்டுத்தான் எனுக்கே தெம்பு வந்துச்சி."

தபீதாளின் கையில் ஓர் இடக்கை இருந்தது. அதற்கு வலக்கை எதுவென்று தேட வேண்டியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஜெரோம் இன்னா சொல்றான்?"

"அவன் இன்னா சொல்லுவான்? மொபைல நோண்டிகினு கீறான். அவனக் கேட்டா நடக்குமா இதெல்லாம்?"

தபீதாளுக்குக் காதுமடல் சுட்டது. வெயிலால் அல்ல.

அவர்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நடந்த நன்மைக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொல்வது எல்லாச் சபையிலும் உள்ளதுதான். இங்கே நடக்கப் போகிற நன்மைக்கும் முன்கூட்டியே சொல்லலாம். விசுவாசத்தில் சொல்வது என்று அதற்குப் பெயர். வீடு கட்ட இடம் பார்க்காதவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் மருமகனுக்காக ஸ்தோத்திரம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பாதி நடக்கும், பாதி நடக்காது. நடக்காததைப் பற்றி மறுபடி யாரும் பேசுவதில்லை.

போன வருஷம் மே மாதத்தில் தபீதாளும் எழுந்து நின்றாள். மகள் ஜாஸ்மின் பிளஸ் டூ முடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற பெரிய தனியார் காலேஜுக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். எழுதிப் பார் என்று டீச்சர் சொன்னதால் எழுதினாள், அவ்வளவுதான். தபீதாளுக்கு முன்னால் மைக் பிடித்தவள் தன் மகனுக்குக் கனடா விசா கிடைத்ததைப் பத்து நிமிஷம் சொன்னாள். சபையே கை தட்டியது. அந்தச் சூட்டோடு மைக் தபீதாளின் கைக்கு வந்தது. மகளுக்கு நல்ல காலேஜில் இடம் கிடைக்க வேண்டும் என்று சொல்லி உட்காரத்தான் எழுந்தாள். வாய் தன்பாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் காலேஜின் பெயரைச் சொன்னாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்றாள். "எம் பொண்ணு ஆறு வயசுலயே முழங்கால் போட்டு, இன்ஜினியர் ஆவணும்னு ஜெபம் பண்ணுச்சி" என்றாள். ஆறு வயசில் ஜாஸ்மின் முழங்கால் போட்டது உண்மைதான். பீரோவுக்கு அடியில் போன பந்தை எடுக்க.

கை தட்டல் கனடாவுக்கு விழுந்ததைவிடக் கூடுதலாகவே விழுந்தது.

பிறகுதான் தேர்வு முடிவு வந்தது. இடம் கிடைத்தது, ஆனால் சலுகை எதுவும் இல்லாத முழு ஃபீஸ் இடம். அதே வாரம் தாம்பரத்தில் ஒரு காலேஜில் பி.ஏ.வுக்குக் கூப்பிட்டார்கள். ஃபீஸ் என்று சொல்லவே கூச்சப்படும்படியான சின்னத் தொகை. "எனக்கு என்ன படிக்கணும்னே இன்னும் தெரியலம்மா. தாம்பரத்துலயே சேர்றேன். போய்ப் பாத்துக்கிறேன்" என்றாள் ஜாஸ்மின். தபீதாள் சொன்ன பதில் ஒரே வரி.

"சபைல சொல்லிட்டேன்டி."

படப்பையில் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு மனை போயிற்று. ஜாஸ்மின் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனாள். சொன்ன சாட்சி உண்மையாகிவிட்டது. எப்படி உண்மையாயிற்று என்பது அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயந்திரம் தபீதாள் வீட்டுக்கு வந்தபோது தெருவில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. ஆறு குடம் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்து, காலையில் ஊறப்போட்டிருந்த மொச்சையைக் கருவாட்டோடு சேர்த்துக் குழம்பு கூட்டினாள். புருஷன் ஆரோன் பம்மலுக்கும் பல்லாவரத்துக்குமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏழு மணிக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தரையில் மல்லாந்து படுத்தான். சிமென்ட் தரை மட்டும்தான் அந்த வீட்டில் குளிர்ச்சியான சாமான்.

"இருவதாந் தேதிக்குள்ள ரெண்டாவது வருஷ ஃபீஸ் கட்டணுமாம்" என்றான் கூரையைப் பார்த்தபடி. "சேட்டாண்ட பேசிட்டேன். வண்டி ஆர்.சி. புக்க வெச்சிகினு தர்றேன்றான். நாளிக்கி குட்த்துடவா?"

ஜாஸ்மின் கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"குடுக்காதப்பா. கொஞ்சம் இரு."

ஆரோன் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"ஏன், ஃபெயில் ஆயிட்டியா?"

"இல்ல. எல்லாத்துலயும் பாஸ்."

"எவனாவது தொந்தரவு குட்த்தானா? சொல்லு, ஸ்டேண்டுல சொல்லி ஆளக் கூட்டிகினு வர்றேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"அப்பறம் இன்னா பேஜாரு?"

"அங்க இருக்கணுமா, வந்துடணுமான்னு யோசிக்கிறேன். தாம்பரம் காலேஜுக்கு இந்த வருஷமும் அப்ளிகேஷன் விட்டிருக்காங்க."

"வந்து இன்னா படிப்ப?"

ஜாஸ்மின் வெங்காயத்தை வைத்துவிட்டு ஃபோனை எடுத்துக் காட்டினாள். விண்ணப்பத்தில் ஐந்து பாடம் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். ஐந்தையும் நிரப்பியிருந்தாள். ஆரோன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். வரலாறு, தாவரவியல், வணிகவியல், ஆங்கிலம், புள்ளியியல்.

"இன்னாம்மா இது, கையேந்தி பவன் போர்டு மாதிரி கீது. இட்லி, தோச, பிரியாணி, பானி பூரி எல்லாம் ஒரே கடைலயா?"

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண் கலங்கினாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"எனக்கே தெரியலப்பா. கம்ப்யூட்டர் பிடிக்கலன்னும் சொல்ல முடியல. பிடிச்சிருக்குன்னும் சொல்ல முடியல. இது தெரியாம எதுக்கு இவ்ளோ கட்டணும்?"

ஆரோன் தபீதாளைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. தபீதாள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டத் தேவையில்லாத குழம்பு. ஃபெயில் என்றால் பரவாயில்லை, ஊரில் நாலு பேர் ஃபெயில் ஆகிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் நாலு பேர் வந்து ஜெபம் பண்ணுவார்கள். எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிட்டு, ஒரு குறையும் இல்லாமல், என்ன வேண்டும் என்று தெரியாததால் நிற்கிறாள் என்பதை யாரிடம் எப்படிச் சொல்வது? மனையை விற்றது எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

"வண்டி பின்னாடி காலேஜ் பேரு ஸ்டிக்கர் ஒட்டிக்கீறேன்மே" என்றான் ஆரோன், மெதுவாக, பெண்டாட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "டெய்லி எவனாவது கேக்கறான், பொண்ணு எந்த வருஷம்னு."

"சாப்புடுய்யா" என்றாள் தபீதாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, காய்ந்த துணிகளை எடுக்க ஜாஸ்மின் மாடிக்குப் போனாள். தபீதாளும் பின்னால் போனாள். துணிகள் மொடமொடவென்று விறைத்திருந்தன. பல்லாவரம் மலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. அந்த இரைச்சல் அடங்கியதும் தபீதாள் கேட்டாள்.

"நெஜமா ஒண்ணுமில்லயாடி? எங்கிட்டயாச்சும் சொல்லு."

ஜாஸ்மின் ஒரு பாவாடையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"பிப்ரவரில ஒரு கிளாஸ்மா. வேலைக்கு இன்டர்வியூ வந்தா எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்ற கிளாஸ். ஒவ்வொருத்தரா எழுந்து, இந்தப் படிப்ப ஏன் எடுத்தோம்னு சொல்லணும். எல்லாரும் என்னென்னவோ சொன்னாங்க. ஒருத்தன் அவன் மாமா கம்பெனிலயே வேலை இருக்குன்னான். என் முறை வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே வரல. மேடம் பாத்துக்கிட்டே இருக்காங்க."

"அப்பறம்?"

"நீ சபைல சொன்னதையே இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். ஆறு வயசுலேர்ந்து ஆசை, முட்டி போட்டு ஜெபம் பண்ணுவேன்னு. மேடம் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. இப்போ வேற கிளாஸ்ல எல்லாம் என்னை வர வெச்சுச் சொல்லச் சொல்றாங்க. மூணு தடவ சொல்லிட்டேன்."

தபீதாள் கொடியைப் பிடித்துக்கொண்டாள். தான் ஒரே ஒரு தரம், வாய் தவறி, மைக் கையில் இருந்த தைரியத்தில் விட்ட புளுகு. அதைப் பிள்ளை எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்து, ஊரான் பிள்ளைகள் முன்னால் நின்று மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. மாடியில் நிலம் ஏது?

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ சந்தோஷப்படுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றாள் ஜாஸ்மின்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சபை, பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறும்போதே டர்பன்டைன் வாசனை அடிக்கும். இடப்பக்கம் பாயில் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், முடியாதவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. ஞானம்மாள் மஞ்சள் பட்டில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தபீதாளும் ஜாஸ்மினும் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார்கள்; ஆரோன் ஆண்கள் பக்கம் போனான். வாரம் பூராவும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று மேசைக்கு எதிரில் உட்கார்ந்தும் தபீதாளால் ஞானம்மாளிடம் வாயைத் திறக்க முடியவில்லை. புதன்கிழமை டீ நேரத்தில் ஆரம்பித்து, மொச்சை விலையில் போய் முடித்தாள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் வேட்டி விசிற முன்னால் வந்து, "சாட்சி உள்ளவங்க சுருக்கமா சொல்லலாம்" என்றார். சுருக்கமாக என்பதை அவர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஞானம்மாள் முழங்காலில் கை ஊன்றி எழ ஆரம்பித்தாள். அவளுக்கு மூட்டு வலி, எழ நேரமாகும். அதற்குள் தபீதாள் எழுந்து நின்றுவிட்டாள்.

மைக் வந்தது. இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. கீபோர்டு வாசிக்கிற பிரதர் மெல்ல ஒரு சுரத்தை அழுத்தி இழுத்தார். சாட்சிக்கு அப்படித்தான் பின்னால் ஓடும்.

"போன வருஷம் மே மாசம் எம் பொண்ணு ஜாஸ்மினுக்காக இங்க நின்னு சாட்சி சொன்னேன்."

"ஆமென்."

"அந்தச் சாட்சி பொய்."

"அல்லேலூயா" என்றது சபை, பழக்கத்தில். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கீபோர்டு மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, அப்புறம் நின்றது.

"ஆறு வயசுல எம் பொண்ணு எதுவும் கேக்கல. முட்டி போட்டு ஜெபம் பண்ணல. கம்ப்யூட்டர்னு அது வாயால சொன்னதே கெடயாது. எல்லாம் நான் சொன்னது. சொல்லிட்டோமேன்னு பெருமைக்காக அங்க போய்ச் சேத்தேன். இப்ப அதுக்கு அங்க இருக்கறதா, வுட்டுட்டு வர்றதான்னு தெர்ல. வந்தா இன்னா படிக்கறதுன்னும் தெர்ல. என்னப் பாத்துட்டு யாரும் புள்ளைங்கள அப்டிச் சேத்துடாதீங்க."

பாஸ்டர் அனுபவசாலி. இந்த மாதிரி சறுக்கலை எல்லாம் தூக்கி நிறுத்தி நாற்பது வருஷம் ஓட்டியவர். ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஆமென். சிஸ்டர் தங்களைத் தாழ்த்தியிருக்காங்க. மகளுக்கு இதைவிடப் பெரிய கதவு திறக்கப்போகுதுன்னு விசுவாசத்துல இப்பவே நன்றி சொல்றாங்க. அப்படித்தானே சிஸ்டர்?"

தபீதாள் மைக்கை இறுக்கிப் பிடித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் கை தட்டி உட்கார வைத்துவிடுவார்கள்.

"இல்ல பாஸ்டர்" என்றாள். "மின்னாடியே எதுவும் சொல்லல. பொய் சொன்னேன்னு சொல்லத்தான் வந்தேன்."

உட்கார்ந்தாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. கீழே பெயிண்ட் கடை ஷட்டரில் யாரோ தட்டுவது கேட்டது.

ஆராதனை முடிந்து காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். ஒதுக்கிவைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒவ்வொருத்தியாக வந்து தோளைத் தொட்டு, "ஜெபம் பண்ணிக்கிறோம் சிஸ்டர்" என்றார்கள், சாவு வீட்டில் சொல்கிற குரலில். ஞானம்மாள் மட்டும் வரவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தாள்.

"நீ நல்லதுதான் சொன்ன தபீதா. ஒரு நாள் மின்னாடி சொல்லிருக்கக் கூடாது? நேத்துதான் போய் ஜெரோம் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டேன். எதுருலதான ஒக்காந்துனு கீற. வாரம் பூரா ஒக்காந்துனு இருந்தியே."

"அக்கா."

"வுடு. எம் புள்ள என் பாடு" என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரோன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பம்மல் ரோட்டில் சவாரி இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஜாஸ்மின் துப்பட்டாவை நாலாக மடித்துக்கொண்டே நின்றாள். தபீதாளுக்கு உள்ளூர ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. இல்லையென்று சொன்னால் அதுவும் பொய். பிள்ளை வந்து கட்டிக்கொள்வாள், என்னால் உனக்கு எவ்வளவு கஷ்டம் என்பாள் என்று நினைத்தாள்.

"ஏம்மா, இன்னிக்குச் சொல்லப்போறேன்னு எங்கிட்ட சொன்னியா?"

"இல்லடி. ஞானக்கா எழுந்துடும்னு..."

"என் பேரச் சொல்லி ஒரு தடவ பொய் சொன்ன. இன்னிக்கு என் பேரச் சொல்லி உண்மையச் சொல்லிட்ட. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கவே இல்லம்மா."

தபீதாள் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள்.

"நான் இன்னும் முடிவே பண்ணல. எனக்குத் தெரியலன்னு உங்கிட்ட சொன்னேன். அது உங்கிட்ட சொன்னது. மைக்ல சொல்றதுக்கு இல்ல. இப்போ அங்கயே இருக்கேன்னு நான் சொன்னா, சபைல நீ சொன்னதுக்கு மறுபடி ஒரு பதில் சொல்லணும். போன வருஷமும் இதேதான்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருக்கலாம். பொய்க்கு வந்த வெட்கத்தை எழுந்து நின்று ஊருக்குச் சொல்லித் தொலைத்தாகிவிட்டது. இந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்வது? சொல்லப் போனால் இதையும் மகளைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தபீதாள் சமையல்கட்டுக்குள் போய், கழுவி வைத்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினாள்.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"நீ இருக்கேன்னா இரு. அப்பா கட்டுவாரு. வர்றேன்னா வா. சபைல இன்னா வேணா நெனச்சிக்கட்டும். நான் இனிமே கேக்க மாட்டேன், சொல்லவும் மாட்டேன்."

சொல்வது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே, இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது, என்னடி யோசித்தாய் என்று தொண்டை வரைக்கும் வந்தது. தேங்காயோடு சேர்த்து அரைத்தாள். ஆரோன் ஏதோ கேட்க வாயெடுத்தபோது அவன் காலை மிதித்தாள். கம்பெனியில் ஞானம்மாள் பேசாமல் நூல் வெட்டினாள். தபீதாள் பேசாமல் ஜோடி போட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஜோடி தவறியது. சூப்பர்வைசர் எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். ஞானம்மாள் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். வீட்டில் ஜாஸ்மின் ஃபோனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஒரு நாள் தாம்பரத்துக்குத் தனியாகப் போய் வந்தாள். எங்கே போனாய் என்று தபீதாள் கேட்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் வாய்க்கு வேலை இல்லாமல் இரண்டு கிலோ இளைத்த மாதிரி இருந்தது.

பத்தொன்பதாம் தேதி சாயந்திரம் ஜாஸ்மின் சொன்னாள்.

"டி.சி. வாங்கிடப்போறேன். நாளைக்குக் காலேஜுக்கு வரியாம்மா? அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடணுமாம்." கொஞ்சம் நிறுத்தி, "பேச வேணாம். கையெழுத்து மட்டும்" என்றாள்.

"தாம்பரத்துல இன்னா கெடச்சிது?" என்று ஆரோன் கேட்டுவிட்டான். அவன் காலுக்குத் தபீதாளின் கால் எட்டவில்லை.

"லிஸ்ட் ஜூன்லதான் வரும்பா. எது வருதோ அது."

"அஞ்சும் வர்லன்னா?"

"அப்போ யோசிக்கலாம்."

ஆரோன் தலையைச் சொறிந்தான். "சரி, வண்டில கொண்டாந்து வுடறேன்" என்றான்.

காலேஜ் அலுவலகத்தில் ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாம்பசிவன் என்று பெயர்ப் பலகை வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். ஓய்வு பெறுகிற வயசு. பக்கத்து வரிசையில் புதிதாகச் சேர வந்த பிள்ளைகளும் பெற்றோர்களும் புதுத்துணியில் நின்றிருந்தார்கள். இந்த வரிசையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்த வரிசையில் இருந்த ஒரு அம்மா, எதற்கு இவர்கள் தனியாக நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். தபீதாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

சாம்பசிவன் படிவத்தைப் புரட்டினார்.

"ரீசன் எழுதலியே. ஏம்மா போறேன்னு காரணம் வேணும். ஃபைனான்ஸ், மெடிக்கல், வெளியூர் மாறிப் போறது, எதையாவது ஒண்ணு டிக் பண்ணு. பெரும்பாலும் மெடிக்கல்னு போட்டுட்டுப் போயிடுவாங்க."

ஜாஸ்மின் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். டிக் போடவில்லை.

"மார்க் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "அரியர் இல்ல. அட்டெண்டன்ஸ் தொண்ணூத்தி ரெண்டு. நீங்க சொல்லுங்கம்மா, என்ன பிரச்சனை?"

தபீதாளுக்குப் பத்துப் பதில் தயாராக இருந்தது. புருஷனுக்கு வருமானம் போதவில்லை என்று சொல்லலாம். பிள்ளைக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுகூடச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் இவர் எழுதிக்கொள்வார். பிள்ளைக்கும் சுலபமாகப் போய்விடும். பத்தையும் விழுங்கினாள்.

"எனுக்குத் தெரியாது சார். அவளையே கேளுங்க."

சாம்பசிவன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பெற்ற மகளின் விஷயத்தில் தெரியாது என்று சொல்கிற அம்மாவை அந்தக் கவுண்டரில் அவர் பார்த்திருக்க மாட்டார். தபீதாளுக்கு முகம் எரிந்தது. எரியட்டும் என்று நின்றாள்.

ஜாஸ்மின் குனிந்தாள். படிவத்தில் கடைசியாக இருந்த வெறும் கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி. நிறுத்தினாள். இன்னொரு வரி. ஒரு வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு போட்டாள். மூன்றாவது வரி பாதியில் முடிந்தது. சாம்பசிவன் வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"இப்படியே போகட்டுமாம்மா?"

"போகட்டும் சார்."

அவர் படிவத்தைத் திருப்பித் தபீதாளின் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

தபீதாள் படித்தது எட்டாவது வரைக்கும். இங்கிலீஷில் அட்டைப் பெட்டி மேல் இருக்கிற சைஸ் எழுத்தும், லாட் நம்பரும் தெரியும். அந்த இரண்டரை வரி அவளுக்குப் புரியாது. ஆனால் மதர் என்கிற வார்த்தை மட்டும் தெரியும். ஜாஸ்மினின் ஒண்ணாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும், மார்க் அட்டையில் அந்த வார்த்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எம்மில் தொடங்குகிற அந்த வார்த்தையை முதல் வரியில் தேடினாள். இரண்டாவதில் தேடினாள். விரலை வைத்து மூன்றாவது வரியிலும் தேடினாள். அடித்திருந்த வார்த்தையைக்கூட உற்றுப் பார்த்தாள்.

எங்கேயும் இல்லை. குற்றம் சொல்லவாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாஸ்மின் எழுதியதற்குக் கீழே, தமிழில், தன் பெயரைப் போட்டாள்.